ஈயத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு: உடம்பில் நஞ்சு ஏறாமல் காத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

என் தாய்மாமா பழைய பேட்டரிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் 19 ஆண்டுகள் வேலை செய்தார். கடைசி நான்கு ஆண்டுகளும் அவருக்கு ஓயாத வயிற்றுவலி. அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள். மலச்சிக்கலுக்கு அத்தை கடுக்காய்ப் பொடி கலக்கிக் கொடுத்தார். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துகொண்டது. பார்த்த மூன்று மருத்துவர்களில் ஒருவர்கூட "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை. நான்காவது மருத்துவர் கேட்டார். பதிலைக் கேட்டதும் மாமாவின் கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில், பென்சிலால் கோடு போட்டதுபோல் ஒரு நீலக்கருமை. அத்தனை ஆண்டுகள் கண்ணாடியில் முகம் மழித்த மனிதர், தம் வாயில் இருந்த அந்தக் கோட்டைப் பார்த்ததே இல்லை.

ஈயம் ஏறியவர்களின் ஈறில் விழும் அந்தக் கோட்டை 1840இல் ஹென்றி பர்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிவைத்தார். ஈயம் மனிதனை நோயாளியாக்கும் என்பது அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரியும். இவ்வளவு காலமாகத் தெரிந்த ஒரு நோய் இன்றும் நம் பட்டறைகளில் அல்சர் என்ற பெயரில் உலவுவதைப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் வேலையில் ஈயம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

தமிழில் ஒரு குழப்பம் உண்டு. 'ஈயம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசும் ஈயமும் வெள்ளீயம். இந்தக் கட்டுரை பேசும் நஞ்சு காரீயம். வெள்ளீயம் விலை கூடியது என்பதால் அதில் காரீயத்தைக் கலந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரும் இதைப் படிக்க வேண்டியவர்தான். இனி ஈயம் என்று நான் எழுதும் இடமெல்லாம் காரீயம் என்றே கொள்ளுங்கள்.

உலகில் பயன்படும் ஈயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பேட்டரிக்குள் போகிறது. பேட்டரி தயாரிக்கும் ஆலை, பழுதுபார்க்கும் கடை, பழைய பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கும் கொட்டகை ஆகிய மூன்றுமே ஆபத்தான இடங்கள்; கொட்டகைதான் மிகக் கொடியது. தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அந்தப் பேட்டரிகள் ஆயுள் முடிந்ததும் யாரோ ஒருவர் கையில்தானே போய்ச் சேர்கின்றன?

பேட்டரியோடு முடிந்துவிடவில்லை. வண்டி ரேடியேட்டருக்குப் பற்று வைப்பவர், பித்தளை வார்ப்படம் செய்பவர், மின்னணுப் பலகையில் சால்டரிங் செய்பவர், கப்பலிலும் பாலத்திலும் பழைய பெயின்டைச் சுரண்டுபவர், மண்பாண்டத்துக்கு மெருகுப் பூச்சு கலக்குபவர், பிவிசி குழாய்க்கான தூளைக் கலக்குபவர், துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் வேலை செய்பவர் எல்லோரும் இந்த வரிசையில் வருகிறார்கள். கடற்கரை ஊர்களில் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதை வீட்டு முற்றத்திலேயே, பிள்ளைகள் சுற்றி நிற்க, பழைய சட்டியில் உருக்கிச் செய்வார்கள். அதைத் தொழிற்சாலை வேலை என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் சட்டியிலிருந்து வருவது அதே ஈயம்தான்.

2. அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். 500 டிகிரியைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய புகை கணிசமாகக் கிளம்பத் தொடங்கும். மூச்சில் போகும் அந்தப் புகையின் துகள் நுரையீரலின் அடிவரை சென்று பெருமளவு ரத்தத்தில் கலந்துவிடும். தூசு வேறு வழியில் வரும். பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடான பிளேட்டைத் தட்டும்போதும், அதில் பூசிய பேஸ்ட் காய்ந்து உதிரும்போதும், தரையைப் பெருக்கும்போதும் எழும் தூசு கையிலும் மீசையிலும் உதட்டிலும் படிந்து வயிற்றுக்குப் போகிறது. விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெரியவர்களின் உடலில் ஏறும். வெறும் வயிறாக இருந்தால் அது பல மடங்கு கூடும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பட்டறைக்கு ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தைகள் உடலிலோ பாதிவரை ஏறிவிடும்.

மாமாவின் பட்டறைக்கு நான் ஒருமுறை போயிருந்தேன். பதினொரு மணிக்கு டீ வந்தது. பிளேட் பிரித்துக்கொண்டிருந்தவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கிளாஸை வாங்கினார். குடித்து வைத்த கிளாஸின் விளிம்பில் அவருடைய கட்டைவிரல் ரேகை சாம்பல் நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. பிறகு ஒரு பீடி. விரலிலிருந்த தூசு பீடி இலையில் ஒட்டியது, நெருப்புக்குப் போனது, மூச்சோடு உள்ளே இறங்கியது. புகையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அதே மனிதருக்கு, டீயிலும் பீடியிலும் வெற்றிலையிலும் தினமும் அவ்வளவு ஈயம் போய்க்கொண்டிருந்தது. சால்டரிங் வேலையிலும் இதேதான்: பற்றுக்கோல் சூட்டில் ஈயம் அவ்வளவாக ஆவியாவதில்லை, ஆபத்து பெரும்பாலும் விரல் நுனியில் இருக்கிறது.

3. உடம்பு காட்டும் அறிகுறிகள்

உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நம்பி ஏமாந்துவிடுகிறது. கால்சியம் போகும் இடத்துக்கெல்லாம், நரம்புக்கும் எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும், இதுவும் போகும். ரத்தச் சிவப்பணு உருவாகும் வேலையையும் நடுவில் புகுந்து தடுக்கும். அதனால் வரும் ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் பயனில்லை.

நன்றாக ஏறிய நிலையில் வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், வாயில் உலோகச் சுவை, மூட்டு வலி, கை நடுக்கம் வரும். சிலருக்கு மணிக்கட்டு தொங்கிப்போய்க் கையைத் தூக்கவே முடியாது. வயிற்றுவலியைக் குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுவை சிகிச்சை செய்துவிட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மிக அதிகமாக ஏறினால் வலிப்பும் நினைவிழப்பும் வரும், உயிரும் போகும்.

நான் அதிகம் அஞ்சுவது அதற்கு முந்தைய நிலையைத்தான். வலி எதுவும் இல்லாத காலத்திலேயே ரத்த அழுத்தம் மெல்ல ஏறும், சிறுநீரகம் தேயும், தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வரும், மறதி கூடும். வீட்டில் அதைக் குடிப்பழக்கம் என்றோ குணக்கேடு என்றோ வயது என்றோ சொல்லிவிடுவார்கள். 2021இல் உலகெங்கும் 15 லட்சத்துக்கு மேற்பட்ட மரணங்களுக்கு ஈயம் காரணம் என்றும், அவற்றில் பெரும்பாலானவை இதயமும் ரத்தக்குழாயும் சார்ந்தவை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாரடைப்பில் போனவரின் இறப்புச் சான்றிதழில் ஈயம் என்று யாரும் எழுதப்போவதில்லை.

ஆண்களுக்கு விந்தணு குறையும். பெண்களுக்குக் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரலாம். பல ஆண்டுகளுக்கு முன் ஏறிய ஈயம் எலும்பில் தங்கியிருந்து, கர்ப்பத்தின்போது கால்சியத்தோடு சேர்ந்து வெளிவந்து குழந்தைக்குப் போகும். பெரியவர்கள் உடலில் உள்ள ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. ரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் உள்ளது குறையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும்.

4. ரத்தப் பரிசோதனை: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

ஈறில் கோடு தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்தக் கோடு எல்லோருக்கும் வருவதும் இல்லை. பல்லும் ஈறும் சுத்தமாக இருப்பவருக்கு, ஈயம் எவ்வளவு ஏறியிருந்தாலும் தெரியாமல் போகலாம். உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்வது ரத்தத்தில் ஈய அளவுப் பரிசோதனை ஒன்றுதான். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது வராது. 'பிளட் லெட் லெவல்' வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தலைமுடி, நகம், சிறுநீர் ஆகியவற்றில் பார்த்துச் சொல்கிறேன் என்பவர்களிடம் பணத்தை விடாதீர்கள்.

ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வேலை முடிந்த கையோடு போகாதீர்கள். தோலில் ஒட்டிய தூசு ஊசி முனையில் பட்டாலே எண் பொய்யாகக் கூடிவிடும். கையின் ரத்தக்குழாயில் ஊசி போட்டு எடுத்த ரத்தமாக இருக்கட்டும். விரல் நுனியில் குத்தி எடுப்பதில் இந்தத் தவறு அதிகம்.

முடிவுத் தாளில் அளவு ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று இருக்கும். சில ஆய்வகங்கள் லிட்டர் கணக்கில் கொடுக்கும். அப்படியானால் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 200 என்று பார்த்து மயங்கி விழ வேண்டாம், அது லிட்டர் கணக்கு என்றால் டெசிலிட்டருக்கு 20தான். ஆனால் 20 என்பதும் நல்ல எண் அல்ல.

டெசிலிட்டர் கணக்கில் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இவ்வளவுவரை பாதுகாப்பு என்று சொல்ல ஓர் எல்லையே அறியப்படவில்லை. அமெரிக்காவில் 1978இல் வந்த விதி, 60ஐத் தொட்ட தொழிலாளியை ஈய வேலையிலிருந்து விலக்கச் சொன்னது. 40க்குக் கீழே இறங்கிய பிறகே திரும்ப அனுமதித்தது. அந்த விதி இன்று பழையதாகிவிட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 2025இல் அந்த 60ஐ 30ஆகக் குறைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் முன்பு 70 என்று வைத்திருந்த உச்ச வரம்பை 2024இல் 15ஆகக் குறைக்க முடிவெடுத்தது. "உங்களுக்கு 35தான், ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வேலையில் சேரும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த முதல் எண் பின்னாளில் பெரிய சாட்சி. பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தாளையும் பத்திரமாக வையுங்கள். ஒரு தனி எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே அதிகம் சொல்லும்.

5. வேலையிடத்தில் செய்ய வேண்டியது

இதில் பெரும்பகுதி முதலாளியின் கடமை. தொழிலாளிக்கு ஒரு முகக்கவசத்தைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பு தீர்ந்தது என்று இருப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

உருக்கும் சட்டிக்கு மேல் மூடியும், புகையை உறிஞ்சி வடிகட்டி வெளியேற்றும் அமைப்பும் வேண்டும். சும்மா ஒரு மின்விசிறி வைத்தால் அது புகையைப் பக்கத்து மேசைக்காரர் முகத்துக்குத் தள்ளும். சட்டியின் சூட்டை அளந்து, தேவைக்கு மேல் ஏறாமல் வைத்தாலே புகை வெகுவாகக் குறையும். மேலே மிதக்கும் கசடை வழித்துத் தரையில் கொட்டாமல் மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும், காற்றடிக்கும் குழாயால் மேசையையும் சட்டையையும் ஊதுவதும் அறவே கூடாது. நனைத்துத் துடைக்க வேண்டும். பெரிய ஆலையென்றால் நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி கொண்ட வேக்குவம் வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் வேலையிடக் காற்றில் ஈயத்துக்கு உள்ள வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம். அமெரிக்காவில் 0.05. ஐரோப்பிய ஒன்றியம் தன் 0.15ஐ 0.03ஆகக் குறைத்துவிட்டது. ஆகவே நம் சட்டப்படி சரியாக இருக்கிற ஆலையிலும் ரத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

முகக்கவசம் என்று வரும்போது, முகத்தில் கட்டும் துண்டும் துணி மாஸ்க்கும் ஈயப் புகையைத் தடுக்காது. மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடி, இருபுறமும் பி100 வகை வடிகட்டி உள்ள ரப்பர் கவசம் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும். வடிகட்டியைக் காலம் பார்த்து மாற்ற வேண்டும்.

சாப்பிடும் இடம் பட்டறைக்கு வெளியே, தனியாக இருக்கட்டும். கையை சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவுங்கள். நகக்கண்ணுக்கு பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை நீக்காது. நன்றாகக் கழுவிய கையிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்பதால், பட்டறையில் சாப்பாட்டைக் கரண்டியால் சாப்பிடுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். நமக்குக் கையால் பிசைந்து சாப்பிட்டால்தான் திருப்தி என்பது தெரியும். அந்தத் திருப்தியை இரவு வீட்டில், குளித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பீடி, வெற்றிலை, டீ எதுவானாலும் கை கழுவிய பிறகே.

பல ஆலைகளில் வெல்லமும் பாலும் வாழைப்பழமும் கொடுத்து, இது ஈயத்தை முறித்துவிடும் என்பார்கள். முறிக்காது. கால்சியமும் இரும்பும் குறைவாக உள்ள உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை. அதனால் கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள், மோர், நெல்லிக்காய் எல்லாம் நல்லவைதான். ஆனால் பால் டம்ளரைக் காட்டிப் புகைபோக்கி வைக்காமல் தப்பிக்கும் முதலாளியை விட்டுவிடாதீர்கள்.

6. வீட்டு வாசலில் நிறுத்துங்கள்

வேலை உடையும் செருப்பும் வீட்டுக்குள் வரக் கூடாது. பட்டறையிலேயே குளித்து, தலைக்கும் தண்ணீர் ஊற்றி, உடை மாற்றிவிட்டு வருவது சரியான வழி. அதற்கு வசதி இல்லையென்றால் வாசலுக்கு வெளியே செருப்பை விட்டு, உடையைப் பையில் கட்டி, நேராகக் குளியலறைக்குப் போங்கள். ஓடிவரும் பிள்ளையை அதற்குப் பிறகு தூக்குங்கள். அந்த உடையைத் தனியாக, உதறாமல், முதலில் நனைத்துத் துவைக்க வேண்டும். மாமாவின் உடையை அத்தை துவைப்பதற்கு முன் தினமும் வாசலில் நின்று உதறுவார். அந்தத் தூசு அவர் மூச்சில்தான் போனது.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோய் சுர் மேரில், 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே பழைய பேட்டரிகளை உடைத்த மண்ணைச் சலித்து ஈயத்தைப் பொறுக்குவது பெண்களின் பிழைப்பாக இருந்தது. கென்யாவின் மொம்பாசா அருகே ஓர் ஈய உருக்காலையில் அலுவலக வேலை பார்த்தவர் பிலிஸ் ஒமிடோ. அவருடைய கைக்குழந்தை நோயுற்றபோது உடம்பில் ஈயம் இருப்பது தெரிந்தது. அவர் ஆலைக்கு எதிராகப் போராடினார், ஆலை மூடப்பட்டது, 2015இல் அவருக்கு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

உங்கள் எண் அதிகமாக வந்தால், வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும், கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் உடனே பரிசோதனை செய்யுங்கள். குழந்தையின் மூளையில் ஏற்படும் சேதம் திரும்பச் சரியாவதில்லை.

7. எண் அதிகமாக வந்துவிட்டால்

முதல் மருந்து, ஈயத்திலிருந்து விலகுவது. அதே இடத்தில் நின்றுகொண்டு எந்த மருந்து சாப்பிட்டாலும் பயன் குறைவு. ஆலைக்குள்ளேயே ஈயம் இல்லாத வேறு வேலை கேளுங்கள்.

ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் உண்டு. கொடுக்கிணைப்பு மருந்து என்பார்கள். அளவு மிக அதிகமாக இருக்கும்போதும் அறிகுறிகள் தீவிரமாக இருக்கும்போதும், மருத்துவமனைக் கண்காணிப்பில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். அது சிறுநீரகத்துக்கும் தொல்லை தரும், உடம்புக்குத் தேவையான உலோகங்களையும் இழுத்துக்கொண்டு போகும். எண்ணைக் குறைத்துக் காட்டுவதற்காக அந்த மாத்திரையைக் கொடுத்துத் தொழிலாளியைத் தொடர்ந்து வேலை வாங்குவது மருத்துவமே அல்ல. சித்த, ஆயுர்வேத மருந்தான உலோகப் பற்பங்கள் ஏதேனும் சாப்பிட்டு வந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றில் சிலவற்றில் ஈயமே இருக்கும்.

வேலையை விட்ட பிறகும் எண் இறங்கி, சில மாதம் கழித்து மறுபடி ஏறினால் அஞ்ச வேண்டாம். எலும்பிலிருந்து வருகிறது. தொடர்ந்து பாருங்கள், ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கூடவே பாருங்கள்.

8. சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் என்று ஒரு பட்டியலைத் தந்தது. அதில் முதல் பெயரே ஈய நச்சு. அந்த நோயைக் காணும் மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பு. உங்கள் மருத்துவரிடம் "இதை இயக்ககத்துக்கு அறிவித்தீர்களா?" என்று பணிவாகவே, ஆனால் விடாமல் கேளுங்கள்.

இழப்பீட்டுக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அதன் தொழில்நோய்ப் பட்டியலில் ஈயம் உண்டு. ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்திருந்தால், அந்த நோய் வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். இ.எஸ்.ஐ.யில் பதிவானவர்கள் அங்கேயே கோர வேண்டும். இந்தச் சட்டங்களை எல்லாம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளில் சேர்த்துவிட்டார்கள். அதனால் எந்தப் பிரிவில் மனுப் போடுவது என்பதைத் தொழிற்சங்கத்திலோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ கேட்டுக்கொள்ளுங்கள். ஆணைக்குழுவில் தகுதியுள்ளவர்களுக்கு உதவி இலவசம்.

வழக்கு நிற்பதும் விழுவதும் காகிதத்தில். பரிசோதனைத் தாள்கள், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வேலையிடத்தில் எடுத்த படம், உடன் வேலை செய்தவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் இன்றே ஓர் உறையில் போடுங்கள். சின்னப் பட்டறைகளில் சம்பளச் சீட்டே இருக்காது. மாமாவிடமும் இல்லை. ஆனால் அவர் வாங்கிய முன்பணத்தையும் அதைப் பிடித்த வாரத்தையும் அத்தை ஆண்டுக்கணக்கில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்திருந்தார். சில பக்கங்களில் பட்டறைக்காரரின் கையெழுத்தும் இருந்தது. வழக்கறிஞர் முதலில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது அந்த நோட்டைத்தான்.